ஜூடி ஓடாமல் நின்ற ஆட்டம்

ராயபுரத்தில் ஜூடியைக் கால்பந்தோடு பார்த்தவர்கள் அவளை மறப்பதில்லை. ஒல்லி உடம்பு; கால் மட்டும் வேறு யாருடையதோ போல இருக்கும். இடது காலில் வாங்கி வலது பக்கம்தான் போவாள் என்று தெரிந்தும் பிடிக்க முடியாது. பதினாறு வயதில், பள்ளி அணிக்காக ஒரே மாவட்டப் போட்டித் தொடரில் பதினொரு கோல் போட்டாள்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் பக்கத்து டோல்கேட் பகுதியில் கிளப் நடத்தும் சுப்புராயன் வீடு தேடி வந்தார். ஒரு ஜோடி பூட்ஸ் கொடுத்தார். இங்கிலீஷில் அடித்த மூன்று தாளை நீட்டினார். மகள் மைனர் என்பதால் அப்பா கஸ்பார் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. துறைமுகத்தில் டிரெய்லர் லாரி ஓட்டுகிற கஸ்பார், மகள் பெயர் இருந்த இடத்தை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார், போட்டார். ஐந்து வருஷத்துக்கு அவள் வேறு எங்கும் ஆட முடியாது என்று அதில் எழுதியிருந்தது பிறகுதான் தெரிந்தது.

முதல் வருஷம் நன்றாகத்தான் போனது. அடுத்த வருஷம் கோச் போய்விட்டார். பயிற்சி நின்றது. பெண்கள் அணி பெயருக்கு இருக்க வேண்டும் என்பதற்காக வருஷத்தில் இரண்டு மூன்று ஆட்டத்துக்கு மட்டும் கூப்பிட்டார்கள். கோழிக்கோட்டு அணி ஒன்று அவளை அழைத்து ஆடவிட்டுப் பார்த்து, எடுத்துக்கொள்கிறோம் என்றது. கிளப் விடுவித்ததாக ஒரு கடிதம் மட்டும் வேண்டும் என்றது.

ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் டயர் கடை மாடியில் இருந்த கிளப் ஆபீசுக்குப் போனாள். சுப்புராயன் ஒருநாளும் கடிந்து பேசியதில்லை. உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுப்பார். தலைவர் ஊரில் இல்லை என்பார். அடுத்த வாரம் பார்க்கலாம் என்பார். "நீ எங்க வூட்டுப் பொண்ணுமா, உன்ன எப்டி வெளிய அனுப்புறது" என்பார். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். டீயைக் குடித்துவிட்டு இறங்கி வருவாள்.

கோழிக்கோட்டுக்காரர்கள் இரண்டு மாதம் காத்திருந்துவிட்டு வேறு பெண்ணை எடுத்துக்கொண்டார்கள். ஜூடி எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தாள். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பஸ் நகராமல் நிற்கும்போது இருக்கைக்கு அடியில் குதிகாலை ஏற்றி இறக்கிக்கொண்டே இருப்பாள். காலையில் காசிமேட்டு மணலில் தனியாக ஓடினாள். எதிரே தடுக்க யாருமில்லாமல் ஓடுகிறவளுக்கு ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துபோகிறது. அது அவளுக்கே தெரிந்தது. அப்போது பத்தொன்பது வயது.

நான்காம் வருஷம் லீக்கில் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கும் நிலை வந்தது. மிச்சம் இரண்டு ஆட்டம். முதல் ஆட்டத்தை ஜெயித்துக் கொடு, அன்றைக்கே கடிதம் தருகிறேன் என்றார் சுப்புராயன். ஜூடி இரண்டு கோல் போட்டாள். வியர்வையோடு போய் நின்றவளிடம் அவர், "இன்னும் ஒண்ணு கீதும்மா, அதையும் முடிச்சிடு" என்றார்.

கடைசி ஆட்டத்தில் விசில் ஊதியதும் ஜூடி நடுவட்டத்துக்குள் போய் நின்றாள். பந்து காலருகே வந்தது. தொடவில்லை. முதலில் அடிபட்டுவிட்டது என்று நினைத்தார்கள். கேப்டன் கீர்த்தி ஓடி வந்து கெஞ்சினாள். "ஓடுடி ஜூடி, எங்களுக்காவவாவது ஓடுடி."

ஜூடி அவள் முகத்தைப் பார்க்காமல் நின்றாள். ஓடாமல் நிற்பதற்கு இத்தனை பலம் வேண்டும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. இருபதாவது நிமிஷம் அவளை வெளியே எடுத்தார்கள். அணி தோற்று இறங்கியது. கீர்த்தி அன்றோடு பேச்சை விட்டாள். அது ஜூடிக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

வீட்டில் கஸ்பார் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். "கையெழுத்து நான்தானம்மா போட்டேன்" என்றார்.

"நீ இன்னா நைனா பண்ணுவ. எனக்கும்தான் அந்த பூட்ஸ் புடிச்சிருந்துச்சு" என்றாள் ஜூடி.

நான்காம் நாள் கிளப்பிலிருந்து பதிவுத்தபால் வந்தது. அணிக்குத் துரோகம் செய்ததற்காக ஜூடி கிளப்பிலிருந்து நீக்கப்படுகிறார் என்று சுப்புராயன் எழுதியிருந்தார். இந்த முறை படிக்காமல் விடக்கூடாது என்று கஸ்பார் அதே தெருவில் இருந்த ரெஃப்ரி பஷீரிடம் எடுத்துப் போனார். பஷீர் இரண்டுமுறை படித்துவிட்டு, "நீக்கினா அவுத்து வுட்ட மாதிரிதான் மாமு, இனி எங்க வேணாலும் ஆடலாம். கோவத்துல எழுதிட்டான். விடிஞ்சதும் ஃபுட்பால் சங்கத்துல குடுத்து முத்திரை வாங்கிடுங்க" என்றார். மறுநாள் கஸ்பார் வண்டி எடுக்கவில்லை. சங்கத்தின் கதவைத் திறக்கும்போதே அப்பாவும் மகளும் வாசலில் நின்றார்கள்.

சுப்புராயனுக்கு விஷயம் எட்டி, கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று போன் செய்தபோது முத்திரை விழுந்துவிட்டிருந்தது.

கோழிக்கோட்டில் இடமில்லை. பெங்களூரில் ஒரு சின்ன அணி மாற்று ஆட்டக்காரியாக எடுத்துக்கொண்டது. முதல் ஆட்டத்தில் கடைசி இருபது நிமிஷம் இறக்கினார்கள். ஆளில்லாத கோலை வெளியே அடித்தாள். பாஸ் எங்கே வரும் என்று பிடிபடவே இல்லை. பதினெட்டு வயதுப் பெண்கள் அவளைத் தாண்டிப் போனார்கள். அறைக்கு வந்து போர்வைக்குள் அழுதாள். தொலைந்த மூன்று வருஷத்தை எந்த முத்திரையும் திருப்பித் தராது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

ஐந்தாவது ஆட்டத்தில் ஒரு கார்னர் பந்து முட்டியில் பட்டு உள்ளே போனது. ஆட்டம் முடிந்ததும் வீட்டுக்குப் போன் போட்டாள். துறைமுக கேட் வரிசையில் வண்டியோடு நின்றிருந்த கஸ்பார், "முட்டில பட்டா கோலு குடுப்பாங்களா?" என்று கேட்டார்.

"குடுத்துட்டாங்க நைனா" என்றாள் ஜூடி.