ஞானத்தாய் வைத்த கைநாட்டு

மலைமேல் செண்பகனூர் பள்ளி விடுதியில் துணி வெளுக்கும் தெரசம்மாளுக்குப் பிள்ளையும் இல்லை, புருஷனும் இல்லை. எழுபத்து நாலாம் வருஷம், அடுக்கம் கிராமத்துப் பொன்னுவேல் பிரசவத்தில் மனைவியைப் பறிகொடுத்துவிட்டு, பத்து நாள் சிசுவோடு வந்து நின்றான். "இனி இது ஒங்க பிள்ளை, அக்கா" என்று நாலு பேர் பார்க்க அவள் கையில் கொடுத்தான்.

தெரசம்மாள் நேரே கோயிலுக்கு ஓடினாள். லீமா என்று ஞானஸ்நானம் கொடுக்க வைத்து, தானே ஞானத்தாயாக நின்றாள். சாமியார் புத்தகத்தில் பெயர் ஏறியது. "வெரசா கோர்ட்டுல கார்டியன் மனு போட்டு வைங்க" என்று விடுதி சிஸ்டர் தலைபாடாக அடித்துக்கொண்டார். இவள் கேட்டால்தானே! "கோயில் புத்தகத்துக்கு மேல என்ன காயிதம் சிஸ்டர்?" என்று சிரித்துவிட்டாள்.

ஏழு வருஷம் எட்டிப் பார்க்காதவனுக்கு எண்பத்தொன்றில் பாசம் பொத்துக்கொண்டு வந்தது. பாசமாவது, மண்ணாவது! இரண்டாம் தாரத்துக்கு இரட்டைப் பிள்ளை, தொட்டில் ஆட்ட ஆள் வேண்டும். மலைக்குக் கீழே கோர்ட்டில் பிள்ளையைக் கேட்டு மனுப் போட்டுவிட்டான்.

"எங்கையில குடுத்தானே சார்!" என்று வக்கீல் பரமானந்தத்திடம் கதறினாள்.

"நீங்க இந்துவா இருந்தா அப்படிக் கொடுத்து வாங்குனதே தத்துங்க. நம்ம கிறிஸ்தவங்களுக்குத் தத்துச் சட்டமே கெடையாது. எல்லாருக்கும் பொதுவா எழுபத்திரண்டுல ஒரு மசோதா கொண்டாந்தாங்க, எழுபத்தெட்டுல வாபஸ். போன வருஷம் இன்னொண்ணு வந்து, அதுவும் கெடப்புல கெடக்கு. அவன் சம்மதிச்ச அன்னிக்கே கார்டியன் உத்தரவு வாங்கியிருந்தா ஒரு பிடி இருந்திருக்கும்."

"மதம் மாறிரவா சார்?"

"இப்ப மாறி என்ன செய்ய? அவன் மறுபடி குடுக்கணுமே."

சிரித்துக் கெடுத்தேனே, பாவி என்று வாயில் அறைந்துகொண்டாள்.

"பிள்ளைக்கு நீ என்ன உறவு?" என்றார் விசாரணையன்று நீதிபதி.

"ஞானத்தாய்ங்க."

பெற்ற தகப்பன் உயிரோடு இருக்கிறான், அவன்மேல் குற்றம் எதுவும் நிரூபணமாகவில்லை, பிள்ளை அவனுக்கே என்று தீர்ப்பாயிற்று.

"பிள்ளைய ஒப்படைச்சேன்னு இதுல கைநாட்டு வைம்மா" என்றார் குமாஸ்தா.

"வாங்கும்போது செல்லாத கை, குடுக்கும்போது மட்டும் செல்லுமாய்யா?"

அவர் மைப்பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார். தெரசம்மாள் கட்டைவிரலை ஒற்றி எடுத்தாள். லீமா அந்த மைவிரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வாம்மா, வீட்டுக்குப் போவோம். பஸ்ஸு போயிரும்" என்று லீமா இழுத்தாள்.

பொன்னுவேல்தான் பிள்ளையின் கையை ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தான்.