வகுப்பின் நடுவே உயர்ந்த கை

பல பல்கலைக்கழகங்களின் மாணவர்கள் ஒன்றாகப் பயிலும் இணையவழிப் பாடத்தில், சமாந்தரக் கணிமை கற்பிக்கும் இளம் விரிவுரையாளன் நான். விவாத மேடைகளில் எதிரணியை வாயடைக்கச் செய்தவன் என்ற பெருமிதமும் எனக்கு உண்டு.

அன்று வட்டக்கச்சி ஊரிலுள்ள எங்கள் வீட்டில், நோயுற்றிருந்த அப்பாவின் கட்டிலுக்கு முதுகு காட்டிக் கணினியின் முன் அமர்ந்தேன்.

"நீ வகுப்பை எடு மோனை, நான் எங்க ஓடப்போறன்?" என்று அப்பா சிரித்தார்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். கணினியின் பல செயலிகள் ஒரே வேலையைப் பங்கிட்டு ஒரே நேரத்தில் முடிக்கும் விதத்தை நான் முழங்கிக்கொண்டிருந்தபோது, ஒரு மாணவி குறுக்கிட்டாள்.

"சேர், பின்னால பாருங்கோ! ஐயா கையைத் தூக்கிக் கூப்பிடுறார்."

திரும்பியபோது கை விழுந்திருந்தது; மூச்சும் இல்லை.

அவ்வகுப்பின் ஒளிப்பதிவு பாடத்தளத்தில் இன்றும் இருக்கிறது. அந்தக் கை எவ்வளவு நேரம் என்னை அழைத்தது என்று அறிய, அதைத் திறக்கும் துணிவு எனக்கு இன்னும் வரவில்லை.