பெயரில்லாமல் வந்த எச்சரிக்கை

எடப்பாடிச் சாயப்பட்டறைகள் திறந்துவிடும் கழிவைப் படமெடுப்போர், தம் பெயர் தெரியாமல் கைபேசியிலிருந்து கைபேசிக்கு நேரே அப்படங்களைப் பகிர்ந்துகொள்ள ஒரு செயலியை வடிவமைத்தேன். "நான் போட்ட படத்தைத் தொறந்தா, எடுத்த எடத்தைக் காட்டுதுங்க. சரி பண்ணுங்க" என்று ஒருவர் அதில் எழுதினார். பெயர் சொல்லாதவருக்குப் பதில் எழுதுவது என் தகுதிக்கு இழுக்கென்று விட்டுவிட்டேன்.

மறுவாரமே பட்டறை ஆட்கள் படம் காட்டிய இடத்தைக் கண்டுபிடித்து, தன் வீட்டு வாசலிலிருந்தே படமெடுத்த தறிக்காரப் பெண்ணை வீடு புகுந்து மிரட்டினர். செய்தி கேட்டு நான் போனபோது அவர் ஊரைவிட்டுக் கிளம்பச் சாமான் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, நான் எழுதினதை நீங்க பார்க்கவே இல்லீங்களா?"

"பார்த்தேனம்மா. பெயர் இல்லையே என்று…"

"பேரே வேண்டாம்னு நீங்கதானுங்களே சொன்னீங்க!"

அந்தச் செயலியில் பெயர் போட்டுக்கொண்டவன், அதுவும் பட்டங்களோடு, நான் ஒருவனே.

பிழையை அன்றே திருத்தினேன். பூட்டிக் கிடக்கும் அவ்வீட்டைக் கடக்கையில் இன்றும் என்னால் தலை நிமிர முடிவதில்லை.