தண்ணீர் தேங்காத ஊர்

நான் அயர்லாந்தில் முதுகலை படிக்கிறேன். சொந்த ஊர் மன்னார்குடி பக்கம். அப்பா சம்பா சாகுபடி செய்கிறார். போன தை மாதம் வீடியோ காலில் என் ஜன்னலுக்கு வெளியே பெய்த மழையைக் காட்டி, "நம்ம ஊரு மாதிரி இல்லப்பா. இங்க எவ்வளவு பெஞ்சாலும் தண்ணி தேங்காது" என்று பெருமையடித்தேன்.

"தேங்கவே தேங்காதாம்மா?" என்று மட்டும் கேட்டார் அப்பா.

மறுநாள் அம்மா அழுதுகொண்டே சொன்னார். அறுப்புக்கு நின்ற நெல்லெல்லாம் மழையில் சாய்ந்து, தேங்கிய தண்ணீரிலேயே முளைத்துவிட்டதாம். "படிக்கிற புள்ளைகிட்ட சொல்லாதேன்னுட்டாரு உங்கப்பா."

இப்போதெல்லாம் நான் ஜன்னலைக் காட்டுவதில்லை. "வயலைக் காட்டுங்கப்பா" என்றுதான் பேச்சையே தொடங்குகிறேன்.

"வெயிலா இருக்கும்மா, அப்புறம் காட்டுறேன்" என்கிறார் ஒவ்வொரு தடவையும், வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு.