பேரல் ஆயில் என் எஞ்சினுக்குள் போகாது

எங்கள் ஜீப் ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு. புது வண்டி வாங்கியவன் அதை வரிசையில் கொண்டுவந்து நிறுத்தி, பானெட்டைத் திறந்து வைக்க வேண்டும். ஷெட்டில் இருக்கும் பொதுப் பேரலிலிருந்து செக்ரட்டரி தகர அளவையில் ஒரு லிட்டர் எஞ்சின் ஆயில் பிடித்து வந்து, எல்லோரும் பார்க்க அந்த எஞ்சினுக்குள் ஊற்றுவார். அதற்குப் பிறகுதான் வண்டிக்கு டேர்ன் நம்பர், அதாவது லோடு எடுக்கிற முறை. நம்பர் உள்ள வண்டிதான் கேரள மலையில் இருக்கிற எங்கள் வட்டவடையிலிருந்து மூணாறுக்குக் கேரட்டும் முட்டைக்கோசும் ஏற்றலாம். ஊற்றியதோடு முடியாது. அப்புறம் எப்போது ஆயில் மாற்றினாலும் அந்தப் பேரலிலிருந்துதான் மாற்ற வேண்டும். எல்லோரும் சேர்ந்து வாங்குகிற பேரல் அது. வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை.

நான் சொன்னேன்.

சொன்னேன் என்பதுகூடச் சரியில்லை. நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே எனக்கு வாய் வராது. ஸ்டாண்டுக் கூட்டத்தில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து, எல்லோரும் கை தூக்கும்போது தூக்கிவிட்டு வருகிறவன் நான். அன்றைக்கு என் பிக்கப்பின் ஆயில் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நின்றேன். அவ்வளவுதான் செய்தேன்.

பேரல் ஆயிலைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. என் பழைய ஜீப் அதைக் குடித்துத்தான் மலை ஏறியது. அந்த ஜீப் குடிக்கும், ஒழுகும், மறுபடியும் குடிக்கும். எவ்வளவு ஊற்றினாலும் உள்ளே இடம் இருக்கும். எண்ணெய் கெட்டியாக இருப்பதுதான் அதற்கு நல்லது. ஆனால் இந்தப் பிக்கப் அந்த ஜாதி இல்லை. இதில் டர்போ இருக்கிறது. புகை வெளியே போகிற வேகத்தில் ஒரு சின்னச் சக்கரம் சுற்றி, எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும். அந்தச் சக்கரத்தின் தண்டு எண்ணெய்ப் படலத்தின் மேல்தான் மிதந்து சுற்றுகிறது. படலம் இல்லையென்றால் தேய்ந்துவிடும். புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கிற வடிகட்டி ஒன்றும் உண்டு.

இதெல்லாம் நானாகக் கண்டுபிடித்ததில்லை. நாலாம் வகுப்போடு நின்றவன் நான். வண்டியின் ஆயில் மூடியிலேயே எண் அச்சடித்திருந்தது: ஐந்து, டபிள்யூ, முப்பது. எங்கள் பேரலில் இருப்பது இருபது, டபிள்யூ, நாற்பது. எண் வேறு என்று தெரிந்தது, ஏன் வேறு என்று தெரியவில்லை. மலையிறங்கி வண்டியை எடுக்கப் போன அன்றைக்கே ஷோரூமில் கேட்டுவிடுவது என்று முடிவு செய்து, கவுண்டர் முன்னால் வெகுநேரம் நின்றேன். உள்ளே இருந்த மலையாளப் பெண்தான் முதலில் பேசியது. "எந்தா சேட்டா, பில்லு கிட்டலையா?"

வெளியே நின்ற வண்டியிலிருந்து மூடியைக் கழற்றிக் கையோடு கொண்டுபோயிருந்தேன். காட்டினேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

"முன்னாடி நம்பர் தணுப்புக்கு, குளிருக்கு, சேட்டா. அது சின்னதா இருந்தா நல்ல தணுப்பிலயும் ஆயில் வேகம் மேல போகும். பின்னாடி நம்பர் எஞ்சின் சூடானப்புறம் உள்ள கனத்துக்கு. நம்பர் மட்டும் நோக்கினா போதாது. சாம்பல் கொறஞ்ச ஆயிலா இருக்கணும். இல்லேன்னா புகைக்குழாய்ல உள்ள வடிகட்டி அடைஞ்சு போகும். டப்பாக்குப் பின்னாடி சி த்ரீன்னு எழுதியிருக்கான்னு நோக்கி வாங்கணும்."

எங்கள் ஊரில் தை மாதக் காலையில் கேரட் இலை மேல் பனி உறைந்து வெள்ளையாகக் கிடக்கும். அந்தக் குளிரில் பேரல் ஆயில் தேன் மாதிரி இறங்குவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அது டர்போ வரைக்கும் போய்ச் சேர்வதற்குள் அந்தத் தண்டு எண்ணெய் இல்லாமல் எத்தனை சுற்று சுற்றும்? அந்தக் கேள்விதான் என் கையை ஆயில் வாய்மேல் வைத்தது.

செக்ரட்டரி என் மனைவியின் அண்ணன். அன்றைக்கு அளவையைக் கையில் பிடித்தபடி என் முன்னால் நின்றார்.

"மாப்ளே, கையை எடு."

நான் எடுக்கவில்லை.

"பொண்ணுக்கு வெட்கம்யா, வாயைப் பொத்திக்கிச்சு!" என்றார் சிவப்பு ஜீப்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

"இதுக்கு வேற ஆயிலு மச்சான்," என்றேன் தரையைப் பார்த்து.

"வேற ஆயிலா? இத்தன வருசம் உன் ஜீப்பு இதத்தான குடிச்சுச்சு?"

"குடிச்சது ஜீப்பு."

எனக்கே தெரியாமல் வந்துவிட்டது. இந்த முறை சிரிப்பு மச்சான் பக்கம் திரும்பியது. மச்சான் முகம் கறுத்துப்போயிற்று. "அப்ப நம்பர் கிடையாது" என்று சொல்லி, அளவையில் இருந்ததைப் பேரலிலேயே திருப்பிக் கொட்டினார்.

அன்றைக்கு ராத்திரி வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். மனைவி கேட்டாள்.

"ஒரு சொட்டு வாங்கிக்கிட்டா என்னவாம்? அண்ணன் மானம் போச்சுன்னு புலம்பிக்கிட்டுத் திரியுது."

"சொட்டுல ஒண்ணும் ஆகாது. சொட்டு வாங்கினா அப்புறம் ஆயிலு மாத்துறதும் அங்கதான்."

"அத ஊத்தினா வண்டி நின்னுருமா?"

"அன்னிக்கே நிக்காது. கொஞ்சங்கொஞ்சமா நிக்கும்."

ரசத்தை என் தட்டில் ஊற்றிவிட்டு யோசித்தாள். "அப்ப நீங்களும் நகராதீங்க" என்றாள்.

நகரவில்லை. தினமும் விடியும்போது வரிசையின் கடைசியில் வண்டியை நிறுத்தினேன். பானெட்டைத் தூக்கி, ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பார்த்தேன். ஸ்டார்ட் செய்த கையோடு நகர்த்தாமல் கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டேன். "பூசை முடிஞ்சதா சாமி?" என்று சிவப்பு ஜீப்காரர் கேட்பார். முடியவில்லை என்று தலையாட்டுவேன். அவர் வண்டி போகும், அடுத்த வண்டி போகும். எனக்கு லோடு வராது. வெறும் வண்டியோடு வீட்டுக்குத் திரும்புவேன். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அவமானத்துக்குப் பயந்து அதுவரை எத்தனை காரியத்துக்குத் தலையாட்டியிருக்கிறேன் என்று நினைக்க நினைக்க, மறுநாள் இன்னும் சீக்கிரமாக எழுந்தேன்.

முட்டைக்கோசு அறுவடை உச்சத்தில் இருந்த ஒரு நாள், நம்பர் வண்டிகள் எல்லாம் போன பிறகு, ஒரு அக்கா தன் மூட்டைகளோடு ரோட்டோரம் நின்றார். சாயங்காலம் காட்டு இலாகா செக்போஸ்ட்டை அடைப்பதற்குள் லோடு கிளம்ப வேண்டும்.

"தம்பி, உன் வண்டி ஓடுமா ஓடாதா?"

"ஓடும்க்கா. நம்பர் இல்ல."

"கோசுக்கு நம்பர் தெரியுமாக்கும்? ஏத்து."

ஏற்றினேன். ஒளித்து ஏற்றவில்லை, டீக்கடைக்கு எதிரிலேயே நின்று ஏற்றினேன்.

மறுநாள் காலை நான் ஆயில் குச்சியைப் பார்த்து முடித்து, மூடியைத் துடைக்கக் கழற்றியிருந்தேன். மச்சான் அளவை நிறைய ஆயிலோடு நேராக வந்தார். பின்னால் மொத்த ஸ்டாண்டும் வந்தது. நான் ஆயில் வாயைக் கையால் மூடினேன்.

"நம்பர் இல்லாம லோடு ஏத்துற அளவுக்கு ஆயிருச்சு. இன்னிக்கு ஊத்தித்தான் ஆகணும். கையை எடுக்கிறியா இல்லியா?"

உள்ளங்கையை இன்னும் அழுத்தினேன். "எடுக்க மாட்டேன் மச்சான். இந்த வண்டிக்கு எது ஊத்தணும்னு மூடியிலயே போட்டிருக்கு. எனக்கு அந்த எண்ணு வாசிக்கத் தெரியும். உங்க பேரலு உங்க ஜீப்புக்கு. லோடு எல்லாருக்கும் பொது. வரிசையும் பொது. என் எஞ்சின் பொது இல்ல."

இவ்வளவு நீளமாக நான் ஸ்டாண்டில் பேசியதே இல்லை.  கையை மட்டும் எடுக்கவில்லை.

மச்சான் ஊற்றினார்.

கெட்டியான, குளிர்ந்த ஆயில் என் புறங்கையில் விழுந்து, விரல் இடுக்குகளில் தேங்கி, மணிக்கட்டு வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. எஞ்சின் மேல் வழிந்தது, தரையில் சொட்டியது. நான் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே ஒரு துளி போகவில்லை. 

கடைசிச் சொட்டு விழுந்ததும் சிவப்பு ஜீப்காரர்தான் வாயைத் திறந்தார். "ஊத்தியாச்சுல்ல? எங்க விழுந்துச்சுன்னு சட்டம் ஒண்ணும் இல்லியே. நம்பரப் போடுய்யா, நேரமாகுது."

மச்சான் என் கையைப் பார்த்தார், காலி அளவையைப் பார்த்தார். "தங்கச்சி வீட்டுச் சோறு உனக்கு ரொம்பத் திமிரு ஏத்தியிருக்கு" என்றார். பிறகு சாக்கட்டியை எடுத்து, என் வண்டிக் கண்ணாடியில் வரிசையின் கடைசி நம்பரை எழுதினார்.

மூடியைப் போட்டு இறுக்கினேன். எஞ்சின் மேல் வழிந்ததைப் பழைய துணியால் துடைத்தேன். வழுக்குகிற கையோடு ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தேன். புது நம்பரின் முதல் லோடுக்கு வண்டியைத் தோட்டத்துப் பக்கம் திருப்ப வேண்டும். ரோட்டில் பின்னால் வந்து நின்ற வண்டிக்காரர்கள் வழி கேட்டு ஹாரன் அடித்தார்கள்.

டர்போவுக்கு எண்ணெய் ஏறட்டும் என்று நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். அடிக்கட்டும்.