சக்கரமில்லாத பதினொரு கார்கள்

என் முதலாளி சேர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டுதான் அந்தப் பெட்டிகளைத் திறப்பார். கொழும்பு வெள்ளவத்தையில், கடலைப் பார்த்த நாலாம் மாடி வீட்டில், மூன்று அலமாரித் தட்டு நிறையப் பச்சை அட்டைப் பெட்டிகள். ஒரு பெட்டி, ஒரு கார். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இத்தாலியில் கையால் தட்டிச் செய்த, தரையோடு தரையாக ஊர்கிற, விலையைக் கேட்டால் வாய் உலர்ந்துபோகிற கார்கள். பெட்டியின் முதுகில் காரின் பெயர் இராது, சேஸி நம்பர் மட்டும் இருக்கும். அந்த நம்பரில் பிறந்த கார் எந்த நாள் பட்டறையை விட்டு வெளியே வந்தது, முதலில் என்ன நிறம், எவன் வாங்கினான், எந்த மலை வளைவில் கொண்டுபோய் மோதினான், எவனுடைய கொட்டிலில் எத்தனை வருடம் கோழி எச்சத்துக்குக் கீழே கிடந்தது, எல்லாம் உள்ளே காகிதங்களாக இருக்கும். பதினொரு கார்கள் அந்த வீட்டில் குடியிருந்தன. ஒன்றுக்கும் சக்கரம் இல்லை. சேருக்கோ சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இல்லை. கொள்ளுப்பிட்டிக்குப் போவதென்றால் ஓட்டோவைக் கைகாட்டி மறித்து, மீட்டர் போடச் சொல்லிச் சிங்களத்தில் சண்டை பிடித்துக்கொண்டுதான் ஏறுவார்.

அவர் ஒரு பெரிய தேயிலைக் கம்பனியில் உயர்ந்த பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். உலகத்தின் எந்த மூலையிலோ ஒரு பணக்காரன் தன்னுடைய பழைய கார் யார் யார் கைமாறி வந்தது என்று அறிய ஆசைப்பட்டால், சேருக்கு எழுதுவான். சேர் கடிதம் போடுவார், பழைய கப்பல் பற்றுச்சீட்டுத் தேடுவார், இறந்தவர்களின் பிள்ளைகளைத் தொந்தரவு செய்வார். ஒரு காரின் வாழ்க்கையில் இடைவெளி இருந்தால் அவருக்கு நித்திரை வராது. நான் அவருக்கு எழுதிக் கொடுப்பவன். மூன்று மொழியும் வாயில் வரும், இரண்டு கவிதைப் புத்தகம் போட்டவன் என்று யாரோ சொல்லிச் சேர்த்துவிட்டார்கள். கவிஞன் என்பதை ஒரு தோல் வியாதியைப் போல அவர் மன்னித்திருந்தார். என்னை ‘ஐசே’ என்றுதான் கூப்பிடுவார். "ஐசே, வானம், காத்து எல்லாம் வேண்டாம். நம்பரை எழுதும். நம்பர் பொய் சொல்லாது."

அந்த மனிதர் அழுததை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். ஐந்தாம் பெட்டியின் கார் மலைப்பாதை ஒன்றில் எரிந்து சாம்பலானதை உறுதிப்படுத்தி ஒரு கடிதம் வந்திருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மூக்கை உறிஞ்சினார், "பாவம்" என்றார். காரோடு எரிந்தவனையும் சேர்த்துத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. "அந்த எஞ்சின் போல இன்னும் ஆறுதான் இருந்தது, தெரியுமா?" அதே கிழமை, இரண்டு நாள் கழித்து, தொடர்மாடிக் காவலாளியின் தாய் களுபோவில ஆஸ்பத்திரியில் கிடந்து செத்துப்போனாள். அவன் வாசலில் வந்து நின்று சொன்னபோது, லிஃப்ட் சாவியை யாரிடம் கொடுத்துவிட்டுப் போகிறாய் என்று கேட்டார். நான் மேசையில் இருந்து எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு வசனத்திலும் பிழை வரவில்லை.

ஒன்பதாம் பெட்டிதான் கொழும்புக்கு வந்த கார். செம்மஞ்சள் நிறம், இரண்டே இருக்கை. ஒரு தூதரகக்காரன் கப்பலில் கொண்டுவந்து, போகும்போது ஒரு தென்னந்தோட்ட முதலாளிக்கு விற்றுவிட்டுப் போனான். பிறகு, மறுபடி வெளிநாட்டுக்குக் கப்பலேறும் வரைக்கும், ஐந்து வருடம் அது எங்கே இருந்தது என்று காகிதத்தில் இல்லை. அந்த ஐந்து வருடத்தை நிரப்பினால் காரின் மதிப்பு எங்கேயோ போகும் என்று இப்போது வெளிநாட்டில் அதை வைத்திருந்தவன் எழுதியிருந்தான். தோட்ட முதலாளி தெரிந்தவர்களின் கல்யாணங்களுக்கு மாப்பிள்ளை பொம்பிளையை ஏற்றக் காரை இரவல் கொடுத்தவர் என்று கேள்விப்பட்டு, சேர் என்னை வெள்ளவத்தை வீடுகளுக்குக் கல்யாண அல்பம் பார்க்க அனுப்பினார். ஏழெட்டு வீட்டில் தேத்தண்ணி குடித்தேன். செம்மஞ்சள் கார் இருந்தது. ஆனால் எங்கள் சனம் நம்பர் பிளேட்டுக்கு மேலேதான் மாலையைக் கட்டும். மிச்ச இடத்தைப் பெரியப்பா, சித்தி, மச்சாள் என்று வரிசையாக நின்று மூடிவிடும். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டுச் சேர் சபித்தார்: "சனியன்கள். சனம் முழுக்கக் காரை மறைச்சுக்கொண்டெல்லோ நிக்குது!"

கார் பழுதாகி, கடைசியில் கொட்டாஞ்சேனைக் கராஜ் ஒன்றில் கிடந்தது என்பதை ஒரு பழைய டயர்க்கடைக்காரர் சொன்னார். கராஜ் இப்போது செருப்புக் கடை. ஆனால் அந்தக் காரைப் பார்த்துக்கொண்ட பாஸின் மனைவி, கோயிலுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் இன்னும் இருந்தார். பாஸ் என்றால் மெக்கானிக். இத்தாலியில் இருந்து ஒரு ஆணிகூட வராத காலத்தில், உடைந்த பாகங்களை லேத்தில் தானே கடைந்து போட்டு அந்தக் காரை உயிரோடு வைத்திருந்த மனிதர். அந்த அக்கா தகரப் பெட்டியில் இருந்து ஒரு படத்தை எடுத்தார். கறுப்பு வெள்ளை, உள்ளங்கை அளவு. கராஜ் வாசலில் கார். மாலை இல்லை, மச்சாள் இல்லை, நம்பர் பிளேட் பளிச்சென்று. பக்கத்தில் எண்ணெய் படிந்த சட்டையோடு, முழங்கையைக் காரின் மட்கார்டில் ஊன்றிக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரிக்கிற ஒரு இளைஞன்.

"இது ஒண்ணுதான் தம்பி இருக்கு. களனிப் பக்கம் இருந்தப்ப ஆத்துத் தண்ணி உள்ள வந்து கல்யாணப் படமெல்லாம் கூழாப் போச்சு. இது கராஜ் செவத்துல மாட்டியிருந்துச்சு, அதான் தப்பிச்சுது. மகளுக்கு நாலு மாசம், இவரு காய்ச்சல்ல போயிட்டாரு. அவளுக்கு அப்பா மொகம்னா இது மட்டும்தான்."

வாற ஞாயிற்றுக்கிழமை திருப்பித் தருவேன் என்றேன். "சத்தியமா?" என்றார். "சத்தியமா, அக்கா." கலண்டர்த் தாளில் சுற்றித் தந்தார். என் சட்டைப் பையில் கமரா உள்ள போன் இருந்தது. அங்கேயே நின்று ஒரு படம் எடுத்திருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. அந்த வெயிலுக்கும் அந்தச் சிரிப்புக்கும் பொருத்தமாக ஒரு உவமையைத் தேடிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். மனிதனைக் கைவிட்டுவிட்டு உவமையோடு வீடு வந்து சேர்ந்தேன்.

சேர் குழந்தை மாதிரித் துள்ளினார். "ஐசே, பிளேட்டைப் பாரும்! இடைவெளி முடிஞ்சுது!" கையுறை, பூதக்கண்ணாடி, ஸ்கேனர். நான் மூன்று பக்கம் எழுதினேன். லேத்தைப் பற்றி, தானே கடைந்த பாகங்களைப் பற்றி, பாஸின் பெயரோடு எழுதினேன். அவர் சிவப்புப் பேனாவால் வெட்டி வெட்டி ஒரு வரியாக்கினார்: ‘இக்காலத்தில் உள்ளூரில் பராமரிக்கப்பட்டது.’ அந்த வரியை ஆங்கிலத்தில் அழகாகத் தட்டச்சுச் செய்ததும் நான்தான்.

வெள்ளிக்கிழமை, படத்தைத் தாருங்கள் சேர், ஞாயிறு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்றேன்.

"அது நேற்றே கூரியர்ல போயிட்டுதே."

"சேர், அந்த மனுசியிட்ட அது ஒண்டுதான் இருக்கு."

"காரைப் பற்றின கடுதாசி காரோடதான் போகவேணும். இந்தத் தொழில்ல முறை அது. அது காரின்ர படம், ஐசே. அந்த ஆள் அதுக்குள்ள நிக்கிறார், அவ்வளவுதான்." பிறகு, என் முகம் அவருக்கு வசதியாக இல்லாதபடியால் சேர்த்துக்கொண்டார்: "பயப்படாதையும். பெரிசாக்கி, ஃபிரேம் போட்டு ஒண்டு குடுப்பம். சந்தோசப்படுவா."

போன மாதம் அந்தக் கார் மறுபடியும் விலைபோனதாகப் போனில் படித்தேன். வரலாறு முழுமையானது, ஒரு நாள்கூட விடுபடவில்லை என்று பெருமையாக எழுதியிருந்தார்கள். முழுமை! காரின் ஒவ்வொரு பூச்சுக்கும் தேதி உண்டு. அதைத் துடைத்தவனுக்குப் பெயர் இல்லை. இப்படி ஒரு முழுமையை நான் கடையில் வாங்கிய கருவாட்டில்கூடக் கண்டதில்லை, அதிலாவது தலை இருக்கும்.

சொன்னபடி அந்த ஞாயிற்றுக்கிழமையே சேர் தந்த பார்சலை அக்காவிடம் கொண்டுபோனேன். நானே பிரித்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கொண்டுபோயிருக்க மாட்டேன் என்பதாலேயே பார்க்கவில்லை என்று இப்போது எனக்குத் தெரிகிறது. பொன்னிறச் சட்டம், நல்ல கண்ணாடி. அக்கா சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு மடியில் வைத்துக் குனிந்தார். கார் இருந்தது. இரண்டு மடங்கு பெரிதாக, ஒவ்வொரு ஆணியும் தெரிய. இடது ஓரத்தில், மட்கார்டின் மேல், ஒரு முழங்கை. அதற்கு அப்பால் சட்டம்.

"தம்பி, இவரு எங்க?"

ஸ்கேன் பண்ணும்போது காரை மட்டும்தான் எடுத்தார்களாம் என்றேன். மூலப்படம் வெளிநாட்டுக்குப் போய்விட்டது என்றேன். எழுதிக் கேட்டு எடுப்பிப்போம் என்றேன். ஒவ்வொரு வசனமாக வாயில் இருந்து வெளியே வந்து, அந்தச் சின்ன அறையில் நின்று நாறியது. அக்கா கண்ணாடியில் விரலை வைத்து அந்த முழங்கையைத் தொட்டார்.

"இங்க பாருங்க. சைலன்சர்ல சுட்ட தழும்பு. நான்தான் பற்பசை பூசிவிட்டேன். இது இவருதான்."

உள்ளே போய்த் தையல் கத்தரிக்கோலை எடுத்துவந்தார். சட்டத்தின் பின்பக்க ஆணிகளைக் கத்தரிக்கோல் முனையால் நெம்பி, படத்தை உருவி எடுத்தார். ஜன்னலடியில் இருந்துகொண்டு, சட்டைத் துணி வெட்டுகிற பொறுமையோடு, அந்த முழங்கையை மட்டும் சுற்றி வெட்டினார். காரில் ஒரு மயிரிழையும் சேர்ந்துவரவில்லை. வெட்டியதைத் தகரப் பெட்டியில் போட்டு மூடினார். ஓரத்தில் ஓட்டை விழுந்த படத்தையும், சட்டத்தையும், கண்ணாடியையும் அதே தாளில் சுற்றி என்னிடம் நீட்டினார்.

"இத ஒங்க சாருகிட்டயே குடுங்க. அவரு காரு எங்களுக்கு எதுக்கு?"

கொட்டாஞ்சேனையில் இருந்து வெள்ளவத்தை வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். சேருக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் வழி நெடுகக் கட்டினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல வசனங்கள் எனக்கு வாய்த்ததில்லை. ஒவ்வொன்றும் கத்தி. நாலாம் மாடிக்குப் படியில் ஏறினேன், கோபம் லிஃப்டில் ஆறிவிடும் என்று பயந்து. பார்சலை அவருடைய மேசையில் பிரித்து வைத்தேன்.

சேர் கையுறையைப் போட்டார். படத்தை வெளிச்சத்துக்குத் தூக்கினார். பூதக்கண்ணாடியை எடுத்து, வெட்டின ஓரத்தை மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"நல்ல காலம், ஐசே. வெட்டு கார்ல படேல்லை."

"ஓம், சேர்," என்றேன்.