சைரன் கேட்காத வீடு

நகராட்சியில் சைரன் அக்கா என்றால்தான் அவளைத் தெரியும். கவுன்சிலராகி முதல் வருஷம் முழுக்க வாயே திறக்காதவள். ஊர் ஓரத்தில் எரிவாயுக் கிடங்கு கட்டப் போகிறோம் என்று கம்பெனிக்காரர்கள் படம் போட்டுக் காட்டிய அன்றைக்குத்தான் எழுந்தாள். எல்லாரும் வேலை கிடைக்குமா என்று அடித்துக்கொண்டிருக்க, இவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "கசிஞ்சா எங்களுக்கு யாருங்க சொல்லுவாங்க?"

சைரன் வைப்போம் என்றார்கள். அதோடு விட்டுவிடுகிற ரகமா அவள்? பக்கத்துத் தெருக்களில் வீட்டுக்கு வீடு சைரன் கேட்கிறதா என்று நகராட்சி சோதிக்க வேண்டும். காது கேட்காதவர் இருந்தால் அந்தக் குடும்பத்தைத் தள்ளி வேறு தெருவில் குடிவைத்த பிறகுதான் கட்ட அனுமதி என்று தீர்மானம் வாங்கினாள். "அவங்களுக்குச் சுத்துற விளக்கு மாட்டிடலாமே" என்று தலைவர் பூசி மெழுகப் பார்த்தார். "தூங்குற கண்ணுக்கு விளக்கு எதுக்குங்க?" என்று ஒரே போடாகப் போட்டாள். மன்றமே சிரித்தது. அவளும் சிரித்தாள், பாவி.

அவள் புருஷன் பாய்லர் ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காது கொஞ்சம் மந்தம் என்று அவளுக்குத் தெரியும். அந்த இரைச்சலில் உழைத்தவர்களில் யாருக்குத்தான் இல்லை? மனுஷர் டீக்கடையில் அரட்டை அடிப்பார், முடிவெட்டுகிறவரோடு வம்பளப்பார், எதிரே நின்று அவள் முணுமுணுத்தால்கூடத் திருப்பிக் கொடுப்பார். அதனால் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை.

அவள் தெருவுக்கான சோதனை நாளில், கம்பெனி கொண்டுவந்து வைத்த சைரன் விட்டு விட்டு ஊதியது. தெருவை முடித்துக்கொண்டு கடைசியாகத் தன் வீட்டுக்கு வந்தாள். அவர் வாசலுக்கு முதுகைக் காட்டி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். சைரன் காதைக் கிழித்தது. அவர் கை நிற்கவில்லை. "என்னங்க" என்றாள். திரும்பவில்லை. அது ஊதி ஓய்ந்த பிறகு முன்னால் போய் நின்றாள்.

"சைரன் கேட்டுச்சா?"

"நல்லா கேட்டுச்சே."

"இப்ப ஊதுதா?"

அவர் அவள் வாயையே பார்த்தார். "ம், ஊதுது."

"அது அப்பவே நின்னாச்சுங்க" என்றாள்.

"ரொம்ப நாளாவே ஒண்ணும் கேட்கலை" என்றார் அவர். "உதட்டைப் பார்த்துத்தான் ஒப்பேத்திட்டிருக்கேன். டீக்கடைக்காரன் வாய் எனக்கு அத்துப்படி, இந்தத் தெருவுல எல்லார் வாயும் அத்துப்படி. புது இடம்னா எல்லாம் புது வாய். இந்த வயசுல எங்க போய்ப் படிப்பேன்? கேட்டுச்சுன்னு சொல்லிடேன்மா."

முந்தின வாரம் பக்கத்துத் தெருச் சோதனையில்தான் காது கேட்காத ஒரு கிழவியை அழ அழக் கிளப்பி அனுப்பியிருந்தாள். வேறு யாராயிருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டது என்று எழுதியிருப்பார்கள். அவளுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. இருப்பதை இருந்தபடி எழுதிக் கொடுத்தாள்.

அவர்களை வேறு தெருவுக்குக் குடிமாற்றி, வீட்டை இடித்துத் தீயணைப்பு வண்டிக்குப் பாதை போட்டார்கள். புதுத் தெருவில் முடிவெட்டுகிறவரின் மீசை உதட்டையே மூடியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் எந்நேரமும் எதையாவது மென்றுகொண்டே பேசுவார். இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். திமிர் பிடித்தவர் என்றார்கள், பிறகு புத்தி சரியில்லை என்றார்கள், பிறகு பேசுவதையே விட்டுவிட்டார்கள். டீக்கடைப் பேச்சிலேயே வாழ்ந்த மனுஷர் நாற்காலியோடு ஒடுங்கிப்போனார். அவள் எப்போது வருவாள் என்று வாசலைப் பார்த்தபடியே இருப்பார். அவள் தொண்டை வறள வறள ஊர்க்கதை முழுக்கச் சொல்லிவிட்டு, அடுப்படியில் போய் அழுவாள். அழுகிற சத்தத்தை அடக்க வேண்டிய அவசியம் அந்த வீட்டில் இல்லை.

குடிமாறி இரண்டாவது வருஷம் ஒரு கூட்டத்தில் தலைவர் வேறு எதற்கோ நடுவே சொன்னார், கம்பெனி பின்வாங்கிவிட்டதாம், கிடங்கு வராதாம். சைரன் அக்கா வீட்டுக்கு எப்படி நடந்து வந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"இன்னிக்கு என்ன பேசினாங்க?" என்றார் அவர்.

"தெருவிளக்கு பத்தித்தான்."

அவர் அவள் உதட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "தெருவிளக்குக்கா முகம் இப்படி இருக்கு? கிடங்கு வரலையா?"

அவள் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "நான்தான் உங்களைக் கொண்டாந்து இங்க தள்ளினேன்" என்று சுவரைப் பார்த்து ஏதேதோ சொல்லி அழுதாள். அவர் எழுந்து வந்து, அவள் மோவாயைப் பிடித்து மெதுவாகத் தன் பக்கம் திருப்பினார்.

"இப்படிப் பார்த்துச் சொல்லும்மா. எனக்கு இது ஒண்ணுதானே மிச்சம் இருக்கு."